கருவாட்டுக்கு ஒரு வக்காலத்து

‘வீட்டில் இருப்பதை வைத்தே சுலபமாகச் சமைப்பது எப்படி?’ என்று நமக்குச் சொல்லிக் கொடுக்க இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பத்திரிகையைத் திறந்தால் அவர்கள்; கைப்பேசியைத் தொட்டால் அவர்கள். நல்ல காரியந்தான். வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண், எட்டரை மணிக்குள் நாலு பேருக்குச் சோறு போட்டாக வேண்டும் என்றிருக்கும்போது, அவளுக்கு யார் ஒத்தாசை செய்தாலும் அது புண்ணியமே.

ஆனால் இந்த உபகாரிகள் சொல்லுகிற ‘வீட்டில் இருப்பவை’ என்னென்ன என்று ஒரு தடவை கணக்கெடுத்துப் பாருங்கள். வெண்ணெய், பாலாடைக்கட்டி, தக்காளிச் சாஸ், சோயாச் சாஸ், டப்பாவில் அடைத்த மக்காச்சோளம், பாஸ்தா, நூடுல்ஸ்! எந்த வீட்டில் ஐயா இருக்கின்றன இவையெல்லாம்? இருக்கிற வீடுகள் இருக்கலாம். இல்லாத வீட்டுக்காரி என்ன செய்வாள்? பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவாள். வீட்டில் இருப்பதை வைத்துச் சமைக்கச் சொன்ன உபதேசம், வீட்டில் இல்லாததை வாங்கி வரச் சொல்லும் உபதேசமாக முடிகிறது. அவள் வீட்டில் உள்ள புளியும், மிளகாயும், உளுந்தும், பானைக்குள் மூடி வைத்த கருவாடும் அந்தப் பட்டியலில் இடம் பெறவே இல்லை.

ஏன் இடம் பெறவில்லை என்பதுதான் என் கேள்வி. ருசி இல்லையா? சத்து இல்லையா? சமைக்கக் கஷ்டமா? மூன்றும் இல்லை. நமக்கு வெட்கம். சுலபமான சமையல் நம்மிடத்திலேயே இருக்கிறது. அதைச் சமைத்தோம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள நாக்குக் கூசுகிறது. இந்தக் கூச்சத்துக்கு நாகரிகம் என்று பேர் வைத்திருக்கிறோம். அந்த நாகரிகத்துக்கு எதிராகத்தான் நான் இந்த வக்காலத்தைத் தாக்கல் செய்கிறேன்.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளலாம். முத்துக்குப் பேர்போன ஊர் என்று இன்னமும் வாய் மணக்கச் சொல்கிறோம். ஆனால் அந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்து போய்விட்டது, உப்பும் மீனும் போகவில்லை. 1974-ல் பெருந்துறைமுகமாகி, 2011-ல் வ.உ.சிதம்பரனாரின் பேரைப் பெற்ற துறைமுகத்துக்குப் பெரிய பெரிய கப்பல்கள் வருகின்றன. அதே கரையில் உப்பளங்கள் வெயிலில் வெளேரென்று கிடக்கின்றன. மணலில் மீன் காய்கிறது. தமிழ்நாட்டில் விளைகிற உப்பில் பெரும்பங்கு இந்த வட்டாரத்து உப்பு. உப்பு இருக்கிறது, மீன் இருக்கிறது, வெயிலும் காற்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்த நான்கும் சேர்ந்தால் கருவாடு.

கடல், கொடுக்கிற நாளில் வலை கிழியக் கொடுக்கும்; கொடுக்காத நாளில் கையை விரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் காற்றிலும் பல நாள் படகு இறங்காது. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று கிழக்குக் கரையில் சட்டமும் இருக்கிறது. ஆகவே கடற்கரைக் குடும்பம், கிடைக்கிற நாளில் கிடைப்பதைக் கிடைக்காத நாளுக்கு எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டது. நேற்றுக் கற்றதல்ல. காயப்போட்ட மீனைப் பறவைகள் கொத்தாமல் காத்து நிற்கும் பெண்களைச் சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்திலேயே பார்க்கலாம். நெல்லுக்கு ஒப்பான விலை உப்புக்கு உண்டு என்று கூவி விற்றவர்களையும் அகநானூற்றில் பார்க்கலாம். பாட்டில் வந்தால் அதை ‘நெய்தல் திணை’ என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்குகிறோம். அடுப்பில் வந்தால் ஜன்னலைச் சாத்துகிறோம்.

கருவாட்டின் சூத்திரம் மிகவும் எளியது. மீனைக் கீறிக் குடலை எடுத்து உப்பிட்டால், உப்பு மீனுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கிறது. மிச்சத்தை வெயிலும் காற்றும் குடித்துவிடுகின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருக முடியாது. நெத்திலி மாதிரிப் பொடிமீனுக்கு அவ்வளவு வேலைகூட இல்லை. அப்படியே காயப்போட்டாலே போதும். குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். கருவாட்டுக்கு ஈரம் படாத ஒரு பானையும் இறுக்கமான ஒரு மூடியும் இருந்தால் சரி.

சந்தைக்காரர்கள் பெரிதாகக் கொண்டாடும் நூடுல்ஸின் ரகசியமும் இதுவேதான். 1958-ல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ என்பவர் அதைக் கண்டுபிடித்தார். வேகவைத்த மாவிழையை எண்ணெயில் பொரித்தால் அதிலுள்ள தண்ணீர் ஓடிவிடும். பிறகு எத்தனை மாதம் கழித்துக் கொதிநீரில் போட்டாலும் மெத்தென்று ஆகிவிடும். 1983-ல் அது ‘இரண்டே நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டு நம் நாட்டில் வந்து இறங்கியது. தண்ணீரை எடுத்துவிட்டுச் சேமித்து வைப்பது, வேண்டும்போது தண்ணீரில் போட்டு உயிர்ப்பிப்பது! அது விஞ்ஞானம் என்றால் நெத்திலிக் கருவாடும் விஞ்ஞானந்தான். ஒன்று வர்ணக் காகிதத்தில் வருகிறது. மற்றது ஓலைப் பெட்டியில் வருகிறது. வித்தியாசம் அவ்வளவே.

‘சரி, சமைப்பது சுலபமா?’ என்று கேட்பீர்கள். பார்ப்போமே.

நெத்திலிக் கருவாடு ஒரு கை அள்ளித் தலையைக் கிள்ளிப் போட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். மணல் போக மூன்று தண்ணீர் அலச வேண்டும். அது ஊறுகிற நேரத்தில் நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள் போட்டுப் புளியைக் கரைத்து விட்டால் முக்கால் குழம்பு முடிந்தது. வீட்டில் ஒரு கத்தரிக்காயோ, வாழைக்காயோ, மாங்காயோ கிடந்தால் நறுக்கிப் போடலாம். கிடக்காவிட்டால் குடி முழுகிவிடாது. பச்சை வாசனை போய்க் காயும் வெந்த பிறகு கருவாட்டைப் போட்டுப் பத்து நிமிஷம் கொதித்தால் இறக்கிவிடலாம். ஒரே ஒரு ஜாக்கிரதை: உப்பை முதலில் போடாதீர்கள்; கருவாட்டிலிருந்து இறங்குகிற உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் போடுங்கள். அரிசி வேகிற நேரத்துக்குள் குழம்பு தயார். மறுநாள் காலையில் பழையதுக்கு அது முந்தின இரவைவிட நன்றாக இருக்கும் என்பதைத் தென்பாண்டிச் சீமையில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதற்கும் நேரமில்லை என்கிறவளுக்கு மாசி இருக்கிறது. ஒரு துண்டு மாசியை இடித்து, துருவிய தேங்காய், வறுத்த மிளகாய், சின்ன வெங்காயம், துளி புளி, உப்பு சேர்த்து இன்னொரு இடி இடித்தால் சம்பல். கஞ்சிக்கும் சோற்றுக்கும் தோசைக்கும் அது போதும்.

‘எங்கள் வீட்டில் மீன் படாது’ என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கும் இந்தச் சீமை ஒரு பானைச் சமையலை வைத்திருக்கிறது. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் உளுந்தஞ்சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கடைசியில் குழந்தை கையில் ஒரு சில்லு உடன்குடிக் கருப்பட்டி. இதைவிடச் சுலபமான ‘குடும்பச் சமையல்’ எந்தத் தேசத்துப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று எனக்குக் காட்டட்டும்.

மாசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சூரை மீன். வேகவைத்து, புகை காட்டி, கட்டையைப் போல் ஆகும்வரை வெயிலில் காயவைப்பது மாலத்தீவுக்காரர்களின் கைத்தொழில். தூத்துக்குடித் தோணிகளுக்கும் மாலத்தீவுக்கும் உள்ள உறவு நீண்ட உறவு. மாசி நம் கரைக்கு வந்து பழகியது அந்த வழியில்தான். 1343-ல் மாலத்தீவுக்கு வந்து அங்கே காஜியாகவும் உத்தியோகம் பார்த்த இப்ன் பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியாவதைக் குறித்து வைத்திருக்கிறார்.

இதே சூரையை, ஏறக்குறைய இதே முறையில் வேகவைத்துப் புகையிட்டுக் காயவைத்து ஜப்பானியர் ‘கட்சுவோபுஷி’ என்கிறார்கள். மரத்தைப் போலச் சீவி வெந்நீரில் போட்டு எடுக்கும் அந்தச் சாறுதான் அவர்கள் நாட்டுச் சமையலுக்கு அஸ்திவாரம். அதன் ருசி எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். 1913-ல் கொடாமா என்ற விஞ்ஞானி அந்த ருசிக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். 2013-ல் ஜப்பானியரின் உணவு மரபை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சூரை ஒன்று, புகை ஒன்று, வெயில் ஒன்று. அங்கே அது தேசத்தின் கௌரவம். இங்கே அதைக் காகிதத்தில் சுற்றி, காகிதத்தைப் பைக்குள் வைத்து, பையை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வருகிறோம்.

போர்த்துக்கீசியரையும் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்து, 1658-ல் டச்சுக்காரர் பிடித்துக்கொள்ளும்வரை தூத்துக்குடியில் அதிகாரம் செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தேசிய உணவு என்ன? ‘பக்கல்யாவ்’, அதாவது உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். வேடிக்கை என்னவென்றால், அந்த மீன் அவர்கள் கடலில் கிடைக்காது. வடகடலிலிருந்து வர வேண்டும். அப்படி வந்த கருவாட்டைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் பந்தியில் பரிமாறுகிறார்கள். விருந்தாளி வந்தால் நாம் ஒளித்து வைப்பதை அவர்கள் விருந்தாகவே வைக்கிறார்கள்.

நான் சுதேசிப் பிரசங்கம் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மாசியே அயல்நாட்டுச் சரக்குத்தான். குழம்பில் போடுகிற மிளகாய் அமெரிக்காக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த விருந்தாளி. வெளியிலிருந்து வருவதைச் சேர்த்துக்கொள்ளாத அடுக்களை இந்தக் கரையில் என்றைக்கும் இருந்ததில்லை. பாஸ்தாவும் வரட்டும், குழந்தைகள் ஆசைப்பட்டால் தின்னட்டும். ஆனால் அது வருகிறபோது அதற்கு நாற்காலி போட்டுவிட்டுக் கருவாட்டை ஏன் கொல்லைப்புறமாக அனுப்ப வேண்டும்?

இனிப் பிரதிவாதிகள் சொல்லும் பெரிய ஆட்சேபணைக்கு வருவோம். ‘நாற்றம்!’ என்கிறார்கள்.

இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஒரு நாள் கருவாட்டுக் கடையில் சலவைச் சட்டை போட்ட ஒருவர், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, “மணக்காத கருவாடு ஏதும் இருக்கா?” என்று கேட்டார். கடைக்காரப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மணக்காததுன்னா இந்தத் தராசுக் கல்லுதான் அண்ணாச்சி இருக்கு. எடுத்துத் தரட்டுமா?” என்றாள். அந்தப் பதிலுக்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் உலகத்தில் மணக்கிற பண்டம் கருவாடு ஒன்றுதானா? பச்சைப் பெருங்காயத்தை முகர்ந்து பாருங்கள். ஐரோப்பியர்கள் அதற்குச் ‘சாத்தானின் சாணம்’ என்று பேர் வைத்தார்கள். பெருங்காயம் தாளிக்கிற குடும்பத்துக்கு வீடு கிடையாது என்று எந்த வீட்டுக்காரராவது சொன்னதுண்டா? கருவாடு வறுக்கிற குடும்பத்துக்குச் சொல்கிறார்கள். ‘அசைவம் சமைக்காத குடும்பத்துக்கு மட்டும்’ என்ற பலகை நம் நகரங்களில் தொங்குகிறது. ‘கோழி பரவாயில்லை, கருவாடு மட்டும் வேண்டாம்’ என்று சலுகை காட்டுகிற தர்மப் பிரபுக்களும் உண்டு. 2014-ல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். 97 பேர் தின்கிற ஒன்றை மறைத்துத் தின்ன வேண்டியிருக்கிறது என்றால், மூக்கின்மேல் பழி போட்டுப் பிரயோசனம் இல்லை. எந்தப் பண்டம் மணம், எந்தப் பண்டம் நாற்றம் என்று தீர்மானிப்பது மூக்கு அல்ல. அதைத் தின்கிறவன் யார், அவன் என்ன ஜாதி, அவன் வீட்டுக்குக் கூரையா மாடியா என்கிற விசாரணைதான். மீனவப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கத் தயங்குகிறது என்றால், அந்தத் தயக்கத்தை அதற்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்.

இரண்டாவது ஆட்சேபணை, சுத்தம். ‘மணலிலும் ரோட்டோரத்திலும் காயப்போடுகிறார்களே!’ என்பது. நியாயமான கேள்வி. ஆனால் இதைக் கருவாட்டின் குற்றமாகச் சொல்வதை நான் ஒப்ப மாட்டேன். தரையிலிருந்து உயரமாகப் பந்தல் கட்டி, வலை விரித்துக் காயப்போட்டால் மண் ஒட்டாது. சூரிய வெப்பத்தில் உலர்த்தும் கூடுகளும் வந்துவிட்டன. அவற்றுக்குள் ஈயும் தூசியும் போகாது. கப்பலுக்குத் தளமும் கிட்டங்கியும் கட்டத் தெரிந்த நாட்டுக்கு, ஒவ்வொரு மீன்பிடிக் கிராமத்திலும் நாலு கருவாட்டுப் பந்தல் போடுவது மலையைப் புரட்டுகிற காரியமா? பந்தல் கேட்க வேண்டிய நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப்போகிறோம். விலகிப்போனபின் சுத்தம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, உப்பு. ரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது என்பது உண்மை. வைத்தியர் வேண்டாம் என்றால் வேண்டாந்தான். மற்றவர்கள் நன்றாக ஊறவைத்து அலசி, அளவோடு தின்னட்டும். ஆனால் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பொட்டலத்து வறுவலுக்கும் கேட்காத உப்புக் கணக்கைக் கருவாட்டுக்கு மட்டும் கேட்பது வைத்தியமாகாது. தண்ணீர் வற்றிய மீனில் அதே எடைப் பச்சை மீனைவிடப் புரதம் அதிகம். முள்ளோடு தின்கிற நெத்திலியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. அதையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

நான்காவதாக ஒரு கட்சி இருக்கிறது. அது எனக்குச் சாதகமாகப் பேசுவதுபோல வந்து என் வழக்கைக் கெடுக்கிற கட்சி. ‘ஆகா, அந்தக் காலத்துச் சமையல்! அம்மியில் அரைத்து, உரலில் இடித்து, விறகடுப்பில் வைத்து… இந்தக் காலத்துப் பெண்களுக்கு எங்கே பொறுமை?’ என்று உருகுகிறவர்களின் கட்சி. உருகுகிறவர்கள் பெரும்பாலும் அம்மியைத் தொடாதவர்கள். அவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்கிறேன். 2019-ல் நம் நாட்டில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று சர்க்கார் ஒரு கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிஷம். அதைச் செய்கிற ஆண் செலவிடுவது 97 நிமிஷம். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். அம்மி வேண்டுமென்று ஆசைப்படுகிறவர் அம்மிக்கு முன்னால் உட்காரட்டும். இல்லாவிட்டால் அரைக்கிற இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்லாமல் இருக்கட்டும்.

‘குடும்பத்தார் எல்லாருக்கும் பிடித்த சமையல்’ என்று எழுதுகிறவர்கள்கூட ஒருத்தியை மறந்துவிடுகிறார்கள். சமைக்கிறவளும் குடும்பத்தில் ஒருத்திதான். பிள்ளைக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று மூன்று தினுசு செய்து கடைசியில் மிஞ்சியதைத் தின்கிறவளுக்கு, பொட்டலம் வாங்கிக் கொடுத்து ‘உன் வேலை சுலபமாகிவிட்டது’ என்று சொன்னால் ஆயிற்றா? பானையில் கருவாடு, டப்பாவில் உளுந்து, ஜாடியில் புளி என்று இருப்பு உள்ள வீட்டில் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். ஊறவைக்கவும், அலசவும், கொதிக்கவிடவும் தனித் திறமை ஒன்றும் வேண்டாம். ஆகவே ‘சுலபம், சுலபம்’ என்று சொல்கிற ஆண்பிள்ளைகளுக்கு என் சிபாரிசு இதுதான்: வாரத்தில் இரண்டு நாள் நீங்களே சமைத்துப் பாருங்கள். நீங்கள் செய்கிற அளவுக்குச் சுலபமாக இருந்தால்தான் அது சுலபம். அவள் செய்கிறவரையில் அதற்குப் பேர் வேலை.

அந்த இருப்பு எப்படி வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. உப்பளத்தில் கண்ணைக் கூசும் வெள்ளை வெயிலில் உப்பைச் சுமக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். கரையில் மீனைக் கீறி, உப்பிட்டு, புரட்டிப் போட்டு, மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓடி, பெட்டியைத் தலையில் வைத்து விற்கிறவர்களும் பெண்கள்தான். நம் வீட்டில் சமையல் சுலபமாக வேண்டும் என்பதற்காக ஏற்கெனவே பாதிச் சமையலை வெயிலில் நின்று முடித்து அனுப்பியிருக்கிறார்கள் அவர்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி பேசுகிறோம். அந்த உப்பைக் கொடுத்தவளிடம் மட்டும் கால் கிலோவுக்குப் பேரம் பேசிவிட்டு, வர்ணப் பொட்டலத்தை அச்சடித்த விலைக்கு வாய் பேசாமல் வாங்கி வருகிறோம். கருவாட்டை மறைக்கிற வெட்கம், அவள் உழைப்பை மறைக்கிற வெட்கமும்தான். பண்டத்துக்குக் கௌரவம் இல்லாத ஊரில், அதைச் செய்கிறவளுக்குக் கூலி மட்டும் கௌரவமாகவா கிடைக்கும்?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சுலபச் சமையல் சொல்லிக் கொடுக்கிறவர்கள் தங்கள் பட்டியலில் கருவாட்டையும் மாசியையும் தொலி உளுந்தையும் எழுதட்டும். எழுதுகிறபோது ‘ஏழைகளின் உணவு’ என்று அடைமொழி சேர்க்காமல் எழுதட்டும். வீட்டுக்காரர்கள் வாடகை வாங்குகிற உரிமையோடு நிறுத்திக்கொண்டு, குடியிருப்பவர் சட்டிக்குள் எட்டிப் பார்க்கிற உரிமையை விட்டுவிடட்டும். சர்க்கார் கடற்கரைப் பெண்களுக்குக் காயப்போடப் பந்தலும், மழைக்கு ஒதுங்கக் கிட்டங்கியும் கட்டிக் கொடுக்கட்டும்.

மற்றது நம்மிடம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து, “இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன?” என்று கேட்டால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். ‘சாம்பார்’ என்று பொய்யும் சொல்லாதீர்கள். கருவாட்டுக் குழம்பு என்று சத்தமாகச் சொல்லி, ஒரு கிண்ணத்தில் ஊற்றியும் கொடுத்து அனுப்புங்கள். அவரும் நம்மவராக இருந்தால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது.